சிறிய கல்லூரிக்குப் பொதுக்கல்விக் கலைத்திட்டம் வகுப்பது எப்படி?

கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் கல்லூரி மிகச் சிறியது. விரிவுரையாளர்கள் ஏழு பேர்தான். எந்தத் துறை மாணவரும் கட்டாயம் படிக்க வேண்டிய பொதுப்பாடங்களை வகுக்கும் வேலை என்னிடம் வந்தபோது, தமிழில் வழிகாட்டி எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கிரெடிட் கணக்கு

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 கற்றல் மணித்தியாலம். நாங்கள் பொதுக்கல்விக்கு 18 ஒதுக்கினோம்: மூன்று கிரெடிட் வீதம் ஆறு பாடங்கள். ஒரு பாடத்துக்கு 150 மணித்தியாலம் வரும். அதில் வகுப்பு 45 என்றால், மிச்சம் 105 வாசிப்புக்கும் களவேலைக்கும் எழுத்துக்கும் உரியது. இந்த 105 மணித்தியாலத்தை முதலிலேயே திட்டமிடுங்கள்.

படி 2: வடிவம்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு அறிமுகப் பாடத்தை மாணவர் தெரிவுசெய்வது. மற்றது, எல்லாரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து படிப்பது. நியூயோர்க்கின் கொலம்பியாக் கல்லூரி முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், சமகால நாகரிகம் பற்றிய பொதுப்பாடம் ஒன்றை இப்படித் தொடங்கியது. இன்றும் அங்கே அது கட்டாயப் பாடம்.

சிறிய கல்லூரிக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஏழு பேரை வைத்துக்கொண்டு தெரிவுப் பட்டியல் நீட்ட முடியாது. அதோடு, முதல் வழியில் போனால் கூட்டம் முழுக்க "என் துறைக்கு எத்தனை பாடம்?" என்ற கதையிலேயே முடிந்துவிடும்.

பாடத்தைத் துறையின் பெயரால் தொடங்காமல் ஒரு கேள்வியால் தொடங்குங்கள். எங்கள் முதல் பாடத்தின் கேள்வி: கிளிநொச்சியின் பெரிய பாசனக் குளமான இரணைமடுவின் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது? கனகராயன் ஆறும் வடகீழ்ப் பருவமழையும் புவியியல். குளத்தில் மிஞ்சிய ஏக்கர் அடி நீருக்கு (ஒரு ஏக்கரை ஓரடி ஆழத்துக்கு மூடும் நீர்தான் ஒரு ஏக்கர் அடி) சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த காலச் செய்கையில், எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது கணக்கு. அதைக் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி முடிவெடுக்கும் கூட்டம் அரசியல். யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது இங்குள்ள கமக்காரர் ஏன் எதிர்த்தார்கள், அதேநேரம் குடாநாட்டில் உவர்க்கிணற்றை நம்பியிருப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பது அறம். வர்த்தகப் பிரிவில் படித்துவிட்டு வந்த மாணவியும் கலைப்பிரிவு மாணவனும் ஒரே அட்டவணையை வைத்து வாதாடுவதைப் பார்த்த பிறகு, பழைய அறிமுகப் பாடங்களுக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

படி 3: பேறுகளையும் பாடங்களையும் பொருத்துதல்

நான் ஒரு மாதம் சிக்கிக் கிடந்த இடம் இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

ஐந்து கற்றல் பேறுகளை, அதாவது படித்து முடித்த மாணவருக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, எழுதினோம்: எண்களை வாசித்தல், ஆதாரத்தைச் சோதித்தல், தெளிவாக எழுதுதல், மாற்றுக் கருத்துக்குப் பதில் சொல்லுதல், ஊர்ப் பிரச்சினையை வெளியாருக்கு விளக்குதல். பிறகு அட்டவணை போட்டு, எந்தப் பாடம் எந்தப் பேற்றைத் தருகிறது என்று விரிவுரையாளர்களைக் கேட்டேன். முப்பது கட்டங்களில் 27இல் சரி அடையாளம் வந்தது. எல்லாம் நிறைந்துவிட்டது என்று நானும் நிம்மதியடைந்தேன். அப்புறம் அதே பாடங்களின் முந்தைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாக் கேள்வியும் "விபரிக்குக" என்றே முடிந்தது. குறிப்புக் கொப்பியை மனனம் செய்தவர் சித்தியடைந்துவிடலாம். ஆதாரத்தைச் சோதிக்கும் வேலை எங்கேயும் இல்லை.

அதன்பின் மூன்று விதிகள் வைத்தோம். ஒரு பாடத்துக்கு அதிகபட்சம் இரண்டு பேறுகள். கட்டத்தில் சரி போடக்கூடாது, மாணவர் அந்தப் பேற்றைச் செய்துகாட்டும் ஒப்படையின் பெயரை எழுத வேண்டும். ஒவ்வொரு பேறும் முதல் வருடத்தில் ஒரு தடவை, மூன்றாம் வருடத்தில் இன்னொரு தடவை வர வேண்டும். அட்டவணை 12 கட்டங்களாகச் சுருங்கியது. உடனே ஓட்டை தெரிந்தது: எண்களை வாசித்தல் முதல் வருடத்தோடு நின்றுபோயிருந்தது. மூன்றாம் வருடத்தில் ஒரு பாடத்தையே அதற்காக மாற்றினோம்.

இந்த வேலைக்கு பிரிஸ்டல் போர்ட்டும் பென்சிலும்தான் சிறந்தது. சுவரில் மாட்டினால் எல்லாரும் நின்று பார்த்துக் கதைப்பார்கள். முடிந்தபிறகு கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். வேர்ட் அட்டவணை வேண்டாம், ஆளுக்கொரு பிரதி சுற்றத் தொடங்கிவிடும்.

படி 4: நேரசூசி

களவேலையைக் காலபோக (பருவமழைக் கால நெற்செய்கை) அறுவடையோடு மோதவிடாதீர்கள். அந்த நாட்களில் பல மாணவர் வயலில் நிற்பார்கள்.

பிறகு சேர்த்தவை

இதை வாசித்துவிட்டு முல்லைத்தீவிலிருந்து ஒருவர், தங்கள் மாணவருக்கு இரணைமடு தூரம் என்று எழுதியிருந்தார். முத்தையன்கட்டுக் குளமோ வவுனிக்குளமோ எடுங்கள், கேள்வி அப்படியே பொருந்தும்.

குழு ஒப்படையில் ஒருவரே எல்லாம் எழுதுகிறார் என்பது இன்னொருவரின் முறைப்பாடு. எங்களுக்கும் அது நடந்தது. இப்போது குழு அறிக்கையோடு ஒவ்வொருவரும் ஒரு பக்கம் கையால் எழுதித் தர வேண்டும்: குழுவின் எந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை, ஏன்? புள்ளியில் பாதி அந்தப் பக்கத்துக்கு.