டிரிஸ்டனில் ஆளுநரை வரவேற்கக் கடலைக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்

தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் டிரிஸ்டன் ட குன்ஹா, பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. ஆளுநரின் பிரதிநிதியான நிர்வாகி ஊரிலேயே இருப்பார். ஆளுநர் இருப்பதோ சுமார் 2,400 கி.மீ. தள்ளி, செயின்ட் ஹெலினாவில். தீவில் விமானதளம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே ஆளுநர் வருவது அபூர்வம்.

அழைப்பிதழில் தேதி போடாதீர்கள். 1967இல் கட்டிய கால்ஷாட் துறைமுகம் மிகச் சிறியது. கப்பல் வெளியே நிற்கும், படகில்தான் கரை சேர வேண்டும். கரையேற முதல் நாளே வாய்க்கலாம், நான்கு நாள் காத்திருக்கவும் நேரலாம். அதனால் நிகழ்ச்சிகளை மணிக்கணக்காக அடுக்காமல், அவசியம் பார்த்து வரிசைப்படுத்துங்கள். மூன்று மணி நேரமே கிடைத்தால் தீவுக் கவுன்சில் சந்திப்பு மட்டும். முழு நாள் என்றால் பள்ளியும் மருத்துவமனையும் சேரும். ஊருக்கு மேற்கே 3 கி.மீ. தள்ளியுள்ள உருளைக்கிழங்குத் தோட்டங்களைக் கடைசியில் வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது ஆள் கணக்கில். கடல் அமைதியான நாள்தான் சிங்கி இறால் பிடிக்கவும் சரக்கு இறக்கவும் ஏற்ற நாள். ஊரில் 250 பேர்கூட இல்லை. திடகாத்திரமானவர்கள் எல்லோரும் படகிலும் துறைமுகத்திலும் இருப்பார்கள். வரவேற்பு வரிசைக்குப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் நம்புங்கள். ஊர் விருந்தைப் பிரின்ஸ் பிலிப் மண்டபத்தில் மாலையில் வையுங்கள்.

கப்பலிலிருந்து நூலேணியில் இறங்கும்போது இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். சீருடையும் தொப்பியும் தண்ணீர் புகாத பையில் தனியாகக் கயிற்றில் இறங்கட்டும். படகு அலையின் உச்சிக்கு வந்ததும், படகோட்டி சொன்ன நொடியில் ஏணியிலிருந்து படகுக்குக் காலை மாற்ற வேண்டும். தயங்கி ஏணியிலேயே நின்றால், அடுத்த அலையில் எழும் படகு காலை நசுக்கிவிடும். வெளிச் செடிகள் தீவில் பரவாமலிருக்க, காலணியில் ஒட்டிய மண், விதை எல்லாவற்றையும் கப்பலிலேயே துடைத்தாக வேண்டும். பதவிக்காக இதில் விலக்கு தராதீர்கள்.

ஹோட்டல் இல்லாததால் நிர்வாகி இல்லத்திலோ வீடுகளிலோ அறை ஒதுக்குங்கள், சில நாட்கள் கூடுதலாகவே. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, சிங்கி இறால் உள்ளூரிலேயே கிடைக்கும். மற்றவற்றை முந்தைய கப்பலிலேயே வரவழையுங்கள். விருந்தினர் வரும் கப்பலின் சரக்கு விருந்துக்கு முன் கரையேறும் என்ற உறுதி கிடையாது.

வழியனுப்பு விருந்தை முதல் இரவே வைத்துவிடுங்கள். காற்று திரும்பியதும் கேப்டன் கூப்பிட்டால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.