பழைய ஜிஆர்இ புத்தகமே போதும், கடிகாரத்தை மட்டும் மாற்றுங்க

சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் 2023-க்கு முந்தைய ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) கைடு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கணக்கில் ஒரு பகுதிக்கு 20 கேள்வி, 35 நிமிடம் என்று இருப்பதை 12-க்கு 21 நிமிடமாக்கி, பேனாவால் 12 கேள்விகளை வட்டமிட்டுக்கொண்டு போடுங்க. முதல் 12-ஐ அப்படியே எடுத்தால் இரண்டு அளவுகளில் எது பெரிது என்று கேட்கும் ஒப்பீட்டுக் கேள்விகளே அதிகம் வரும், கலந்து பொறுக்குங்க.

2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு 1 மணி 58 நிமிடம்தான். கேள்வி வகைகள் மாறவில்லை. கணக்கில் கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம் என்ற வேகமும் ஏறக்குறைய அதேதான். 'ஆர்கியுமென்ட்' கட்டுரை போய்விட்டது, அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாம்.

அட்டையில் 800 மதிப்பெண் கணக்கு, உள்ளே எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தால் அது 2011-க்கு முந்தையது. எடைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். முழு மாதிரித் தேர்வுக்கும் பழைய புத்தகம் உதவாது. தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்பிரெப் என்ற ஆன்லைன் மாதிரித் தேர்வில் எழுதுங்க.