சுவரில் மாட்டிய ஓவியமும் வருமான வரிக் கணக்கும்

சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமான வரிக்கு நிரப்பும் பி பாரத்துக்கான கடைசி நாள், ஜூன் 30, நெருங்கும்போது, சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் சப்பாத்துப் பெட்டியில் ரசீதுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். வாழையிலை உணவகம் நடத்தும் ஓர் அண்ணன், பால்மரம் சீவும் பெண்களைத் தீட்டிய ஓவியத்தை 8,000 ரிங்கிட்டுக்கு வாங்கி மாட்டியிருந்தார். கணக்கில் அதைப் ‘பழுதுபார்ப்பு’ என்று எழுதி, முழுத் தொகையையும் கழித்திருந்தார்.

நான் அதிகம் காணும் தவறு இதுதான். 1967 வருமான வரிச் சட்டத்தின் 33(1) பிரிவு, முழுக்க முழுக்க வருமானம் ஈட்டுவதற்கென்றே செய்த செலவைக் கழிக்க விடுகிறது. 39(1) பிரிவு மூலதனச் செலவையும் சொந்தச் செலவையும் ஒதுக்கிவிடுகிறது. ஓவியம் மீனும் அரிசியும் போல அன்றைக்கே தீர்ந்துபோகிற சரக்கா? ஆண்டுக்கணக்கில் சுவரில் இருக்கும் பொருளுக்கு, விலையைப் பல ஆண்டுகளில் பிரித்துக் கழிக்கும் மூன்றாம் அட்டவணையின் மூலதன அலவன்ஸ்தான் வழி. தளவாடங்களைப் போல முதலாண்டில் 20 சதவீதமும், அதோடு முதலாண்டு உட்பட ஆண்டுதோறும் 10 சதவீதமும் என்று கணக்கிட்டால், அண்ணனுக்கு முதலாண்டு 2,400 ரிங்கிட், பிறகு ஏழு ஆண்டுகளுக்கு 800 ரிங்கிட் வீதம் கழியும்.

‘அலங்காரப் பொருளுக்கு எதுவுமே கிடைக்காது’ என்று விட்டுவிடுவதும் தவறு. ஸ்காட்லாந்து மதுபான நிறுவனமொன்று தன் ஹோட்டல்களில் மாட்டிய படங்களுக்கும் அலங்காரங்களுக்கும் இத்தகைய அலவன்ஸ் கேட்ட வழக்கில், 1982இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை நிறுவனத்தின் பக்கம் நின்றது. வாடிக்கையாளருக்கு இதமான சூழலை அமைத்துத் தருவதும் ஹோட்டல் தொழிலின் ஒரு பகுதி என்பதே காரணம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்துக்கு வலு சேர்க்கும். சாப்பிட வருபவர் பார்க்கும் ஓவியத்துக்கு நான் துணிந்து கோருவேன். உரக்கடையின் பின்னறையில் முதலாளி மட்டும் ரசிக்கும் ஓவியத்துக்குக் கோரமாட்டேன்.

கல்லாவுக்கு மேலே மாலை போட்ட அப்பா படத்துக்கும் ஒருவர் கேட்டார். அப்பாவைக் கழிக்க முடியாது என்றேன், நல்லவேளை, சிரித்துவிட்டார்.

2,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத சிறு சொத்தை அதே ஆண்டில் முழுதாகக் கழிக்கலாம். சிறு நிறுவனங்கள் நீங்கலாக, மற்றவர்களுக்கு இப்படி ஆண்டுக்கு மொத்தம் 20,000 ரிங்கிட் வரைதான். இதைக் கேட்டதும் சிலர் 5,000 ரிங்கிட் ஓவியத்துக்குச் மரச்சட்டம் தனி, துணி தனி, வரைந்த கூலி தனி என்று மூன்று ரசீது வாங்குகிறார்கள். பொருள் ஒன்று, விலையும் ஒன்று. வரி குறைவாகக் காட்டப்பட்டிருந்தால், 113(2) பிரிவின்படி அந்த வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விழலாம்.

ஓவியத்தைச் சில ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு எடுத்துப் போவதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தொழிலில் இருந்து வெளியேறிய சொத்து அது. அன்றைய சந்தை விலையை வைத்துக் கணக்கு முடிக்க வேண்டும். வாங்கி இரண்டு ஆண்டுக்குள் விற்றால், பெற்ற அலவன்ஸையே திரும்பச் சேர்க்கச் சொல்லலாம்.

அண்ணனிடம் ரசீதே இல்லை. தீட்டியவர் தோட்டத்தில் கூட வளர்ந்த நண்பரின் மகன்; காசைக் கையில் கொடுத்ததோடு சரி. ஓவியத்தின் தலைப்பு, அளவு, விலை, தேதி, கையெழுத்து எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கி வரச் சொன்னேன். ஏழு ஆண்டுகள் பத்திரமாக இருக்க வேண்டிய தாள். மறுவாரம் கொண்டுவந்தார், ஓரத்தில் சாம்பார் கறையோடு.