மதியத் தட்டை மாற்றுங்கள்: தொடங்குபவர்களுக்கு நான்கு வாரச் செய்முறை

மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது என்றால் முதலில் உங்கள் மதியத் தட்டைப் பாருங்கள். மலை போல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இந்தத் தட்டு மாறாமல் ஜிம்முக்கு மட்டும் போனால் பெரிய பலன் இருக்காது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரதத்தைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: அளந்து பாருங்கள்

காலையில் வெறும் வயிற்றில் இடுப்பை டேப்பால் அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. அடுத்தது டீ. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். இரண்டு ஸ்பூன் போட்டு நாலு டீ குடித்தால் 32 கிராம் ஆகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டக்கூடாது. கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இரண்டாம் வாரம்: சோறு

200 மில்லி கப் நிறையச் சோறு சுமார் 200 கலோரி. மூன்று கப் சாப்பிடுபவர் இரண்டாக்குங்கள், ஒன்றுக்குப் போகாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: மதியம் பட்டினி கிடந்து, ஆறு மணிக்கு நாலு பஜ்ஜியில் எல்லாம் திரும்பி வந்துவிடும். குறைத்த இடத்தில் இரண்டு கரண்டி காயோ கீரையோ வையுங்கள். ஆறு மணிப் பசிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். காய்ந்த கடலை 50 கிராம், எட்டு மணி நேரம் ஊறவேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வயிறு உப்புவது குறையும். பழக்கமில்லாதவர்கள் முதலில் பாதி அளவு சாப்பிடுங்கள்.

மூன்றாம் வாரம்: புரதம்

எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். முட்டை ஒன்றில் 6, அந்தச் சுண்டலில் 9, மீன் 100 கிராமில் சுமார் 18.

வடசென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு புரதப் பவுடர் டப்பாவுக்குக் காசைக் கொட்டுவது தேவையே இல்லை. வஞ்சிரம்தான் வேண்டும் என்பதும் இல்லை. மத்தி விலை குறைவு, ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். மீன் வாங்கும்போது பாருங்கள்: கண் தெளிவாகப் புடைத்திருக்கணும், செவுள் சிவப்பாக இருக்கணும், விரலால் அமுக்கினால் சதை உடனே எழும்பணும். குழி அப்படியே நின்றால் வாங்காதீர்கள்.

எண்ணெயில் மூழ்கவைத்துப் பொரித்தால் கலோரி ஏறிவிடும். மசாலா தடவும் முன் மீனை ஈரம் போகத் துடையுங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, மீனைப் போட்டு நாலு நிமிடம் தொடாதீர்கள். ஈரமாகப் போட்டாலும் அவசரப்பட்டுத் திருப்பினாலும் தோல் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் பலர் எண்ணெயைக் கூட்டுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முட்டைக்கும் பயறுக்கும் மாறுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள்.

நான்காம் வாரம்: காலையும் இரவும்

காலையில் கேழ்வரகுக் கூழ் நல்லது, ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். ஒரு டம்ளர் மோர் கலந்த கூழ், சின்ன வெங்காயம், கூட அவித்த முட்டை இரண்டு. மோர்மிளகாய், ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்துங்கள். விடியற்காலை ஃபுட்பால், பாக்ஸிங் பயிற்சிக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். இரவில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸை வாரத்தில் ஒருநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் பாதித் தட்டு அத்தோ, வாழைத்தண்டு சூப், முட்டை.

நான்காவது வாரக் கடைசியில் இடுப்பை மறுபடி அளங்கள். எடை நின்ற இடத்தில் நின்றாலும் டேப் குறைந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள். இரண்டும் அசையவில்லையா? எண்ணெய் பாக்கெட்டை எண்ணுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டரைத் தாண்டினால், அடுத்து குறைக்க வேண்டியது அதுதான்.