சிலிக்கோன் மார்பக உள்வைப்பு இறுகாமல் காப்பதும், இறுகினால் அறிந்துகொள்வதும் எப்படி?

கல்லாக இறுகிவிட்டது என்று சொல்லி அகற்றப்படும் மார்பக உள்வைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் வைத்த நாளில் இருந்த அதே மென்மையோடு நெகிழும். இறுகியது சிலிக்கோன் அல்ல. அதைச் சுற்றி உடல் கட்டிய உறை. உள்வைப்பு பொருத்திக்கொள்ள இருப்பவரும் ஏற்கெனவே பொருத்திக்கொண்டவரும் அந்த உறையைப் பற்றித்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உறை உருவாவது நோய் அல்ல. உள்வைப்பு உடலுக்குள் சென்ற சில நொடிகளிலேயே இரத்தத்தின் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அடுத்து வெள்ளணுக்களும், அவற்றைத் தொடர்ந்து, அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் பெருவிழுங்கணுக்களும் வந்து சேர்கின்றன. விழுங்கவும் முடியாமல் கரைக்கவும் முடியாமல், பெருவிழுங்கணுக்களில் சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்களாக அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அழிக்க இயலாததை உடல் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது: நாரணுக்கள் கொலாஜன் என்னும் புரத இழைகளை நெய்கின்றன, சில வாரங்களில் உள்வைப்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை அமைந்துவிடுகிறது. நலமாக உள்ள உறை, அவித்த முட்டையின் ஓட்டை உரிக்கும்போது தெரியும் உட்தோலைப் போல மெல்லியதாகப் பளபளப்பாக இருக்கும். அதற்கு மருந்தும் தேவையில்லை, அச்சமும் தேவையில்லை.

அழற்சி அடங்காமல் நீடிக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தசையைப் போலச் சுருங்கும் திறன் பெற்ற நாரணுக்கள் உறையில் பெருகி அதை இழுத்துப் பிடிக்கின்றன. குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பரப்பு கொண்ட வடிவம் கோளம் என்பதால், சுருங்கும் உறைக்குள் உள்வைப்பு பந்துபோல உருண்டு நிற்கிறது. அழற்சி அடங்காததற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை, இரத்தக்கட்டு, உள்வைப்பு கிழிதல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் காய்ச்சலோ சீழோ காட்டாமல் பரப்பில் ஒட்டி வாழும் பாக்டீரியாவே முதன்மையாகச் சந்தேகிக்கப்படுகிறது. தோலிலும் பால்நாளங்களிலும் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் அவற்றுள் அடிக்கடி அகப்படுவது.

மிகச் சில பாக்டீரியாக்களே இதற்குப் போதும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1957-இல் எலெக், கோனென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தன்னார்வலர்களின் தோலில் செய்த சோதனையில், சீழ்க்கட்டி உண்டாக்கச் சில பத்து லட்சம் ஸ்டேஃபிலோகாக்கஸ்கள் தேவைப்பட்டன. ஒரு தையல் நூல் உடனிருந்தபோது சில நூறே போதுமானதாயின. உள்வைப்பின் பரப்பில் ஒட்டியபின் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான உயிர்ப்படலத்தைச் சுரந்து அதற்குள் ஒடுங்குகின்றன. சிலிக்கோனுக்குள் இரத்தக் குழாய் இல்லை. படலத்துக்குள் பல அணுக்கள் உறங்கும் நிலையில் கிடக்கின்றன. ஆகவே மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அளவு இங்கே பயன்படுவதில்லை. பஞ்சுக்குச்சியால் துடைத்துச் செய்யும் வழக்கமான வளர்ப்புச் சோதனையிலும் அவை பலமுறை தப்பிவிடுகின்றன.

எனவே காப்பு பெரும்பாலும் அறுவை அரங்கிலேயே முடிவாகிறது. கேள்விகளை அதற்கு முன்பே கேளுங்கள். கீறல் எங்கே இடப்படும்? முலைக்காம்பைச் சுற்றிய கீறல் பால்நாளங்களை வெட்டக்கூடும் என்பதால் மார்பின் அடிமடிப்பில் இடும் கீறலைப் பலர் விரும்புகிறார்கள். முலைக்காம்பு ஒட்டுத்தாளால் மூடப்படுமா? கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடப்படுமா? உள்வைப்பைத் தொடும் முன் கையுறை மாற்றப்படுமா, அதன் பொதி கடைசி நொடியில்தான் பிரிக்கப்படுமா, உள்வைப்புக்கான குழி கிருமிநாசினி நீரால் கழுவப்படுமா, இரத்தக்கசிவு முழுதும் நிறுத்தப்படுமா? இவற்றைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. அக்கறையுள்ள மருத்துவர் மகிழ்ந்தே விடை சொல்வார்.

அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் காய்ச்சல், பரவும் சிவப்பு, சூடு, சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரைக் காணுங்கள். புண் ஆறியபின் மாதம் ஒருமுறை, நின்றும் படுத்தும், விரல்களின் தட்டைப் பகுதியால் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுத் தடவிப் பாருங்கள். பேக்கர் அளவுகோல் உறையின் இறுக்கத்தை நான்கு நிலைகளாக வகுக்கிறது: முதல் நிலையில் மென்மை; இரண்டில் சற்றே கெட்டி, தோற்றம் மாறாது; மூன்றில் கெட்டியும் கண்ணுக்குத் தெரியும் உருமாற்றமும்; நான்கில் அவற்றோடு வலியும் சேரும். மூன்றாம் நான்காம் நிலைகளில் பெரும்பாலும் மறு அறுவையே தீர்வு. வலுவாகப் பிசைந்து உறையை உடைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்வைப்பு கிழியலாம், உள்ளே இரத்தம் கட்டலாம்.

கிழிசல் அறிகுறியே இல்லாமலும் நேரும் என்பதால், 5 அல்லது 6 ஆண்டுகள் கழிந்ததும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடருமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. ஓராண்டு கடந்தபின் புதிதாக நீர் கோத்து ஒரு பக்கம் வீங்கினால் தாமதிக்காதீர்கள். சொரசொரப்பான பரப்புள்ள உள்வைப்புகளோடு தொடர்புடைய ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் இப்படித்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறது. அந்த நீரை உறிஞ்சி எடுத்து, பாக்டீரியா வளர்ப்போடு உயிரணுச் சோதனைக்கும், அந்தப் புற்றுநோய் உயிரணுக்களைக் காட்டிக்கொடுக்கும் சிடி30 என்ற புரதத்துக்கான சோதனைக்கும் அனுப்புமாறு நீங்களே கேளுங்கள். உள்வைப்பின் வகையும் தொடர் எண்ணும் எழுதிய அட்டையை அன்று மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.