அபின் எழுத்தாளர்களை நான்கு ஞாயிறுகளில் வாசிக்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் எல்லோருக்கும் ஒழிவது ஞாயிறு பிற்பகல்தான். போதையைப் பற்றி எழுதிய எழுத்தாளர்களையும் மறைஞானிகளையும் சேர்ந்து வாசிக்க எட்டுப் பேர், நான்கு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம் போதும். பத்துப் பேரைத் தாண்டினால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். கோயில் மண்டபம் கேட்பதானால், என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று நிர்வாகத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போதை என்ற சொல் பிறகு காதில் விழுந்தால் அடுத்த வாரம் சாவி கிடைக்காது.

முதல் வாரம் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சியின் 'ஓர் ஆங்கில அபின் உண்பவரின் வாக்குமூலம்'. இவர் மறைஞானி அல்லர். ஆனால் போதையைத் தன்வரலாறாக எழுதும் வழக்கம் இவரிடமிருந்துதான் வலுப்பெற்றது. 1821 பதிப்பையே எல்லோருக்கும் நகல் எடுங்கள். 1856-இல் அவரே நிறையச் சேர்த்து விரித்துவிட்டார். இரண்டும் கலந்தால் ஒருவர் படிக்கும் வரி அடுத்தவர் தாளில் இருக்காது.

அபின் இன்பத்தைச் சொல்லும் பகுதியோடு தொடங்காதீர்கள். அதை மட்டும் படித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. மலாய்க்காரர் ஒருவர் இங்கிலாந்து மலையடிவாரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டும் பக்கத்தை உரக்கப் படியுங்கள். தெரிந்த ஆசிய மொழி ஏதுமில்லாத டி குவின்சி கிரேக்கக் கவிதை வரிகளைச் சொல்லிப் பார்க்கிறார். விடைபெறும்போது ஓர் அபின் கட்டி கொடுக்கிறார். வந்தவர் அதை மூன்றாகப் பிய்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார். பிறகு அதே மலாய்க்காரர் பல மலாய்க்காரர்களோடு கனவில் வந்து 'அமோக்' ஓடுகிறார், அதாவது வெறியோடு தாக்க வருகிறார். அந்தச் சொல்லை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. வந்தவருக்குப் பேரே இல்லை என்பதை யாராவது கவனிக்கும்வரை காத்திருங்கள். பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடிக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: யார், எந்தப் போதைப்பொருள், எந்த ஆண்டு, எந்த நோய்க்கு. அளவுகளை நம்பி எழுதக் கூடாது. நாளுக்கு 320 கிரெயின் (பழைய எடை அளவு) அபின், அதாவது 8,000 சொட்டு லாடனம் (சாராயத்தில் கரைத்த அபின்) என்கிறார் டி குவின்சி. அபினின் வீரியமும் கரைசலின் வீரியமும் மாறுபடும், கணக்கு துல்லியமாகாது என்று அடிக்குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் குறிப்பையும் நகலில் சேருங்கள்.

இரண்டாம் வாரம் பாரிஸ். மருத்துவர் மொரோ 1845-இல் ஹஷீஷையும் (கஞ்சாப் பிசின்) பைத்தியத்தையும் பற்றி எழுதினார். மறு ஆண்டு கவிஞர் கோத்தியே, 1860-இல் கவிஞர் போதலேர் ஹஷீஷைப் பற்றி எழுதினார்கள். மருத்துவரை முதலில் வாசித்தால் கவிஞர்களின் அலங்காரம் தனியே தெரியும்.

மூன்றாம் வாரம் நமக்கு மிக நெருக்கம். 1888-இல் லண்டனில் தொடங்கிய 'பொன் விடியல்' என்ற மறைஞானச் சங்கத்து ஆலன் பென்னட் ஆஸ்துமாவுக்காக அபின், மார்ஃபின், கொக்கெய்ன் எல்லாம் உட்கொண்டவர். 1900-இல் இலங்கை போய், தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். நண்பரும் ஆங்கில மறைஞானியுமான அலெய்ஸ்டர் குரோலி 1901-இல் அங்கே வந்து அவரோடு யோகம் பழகினார். 1909-இல் குரோலி எழுதிய ஹஷீஷ் கட்டுரையில் வரும் யோக, பௌத்தச் சொற்களை அடிக்கோடிட்டு, நம் வழக்கில் அவற்றின் பொருளோடு ஒப்பிடுங்கள். பயிற்சியால் வருவதையும் மருந்தால் வருவதையும் அவர் எங்கே ஒட்டவைக்கிறார் என்பது தெரியும்.

"கொஞ்சம் முயன்று பார்த்தால் புரியுமே" என்று இந்த வாரம் ஒருவர் கேட்பார். மழுப்ப வேண்டாம், 1952 ஆபத்தான மருந்துகள் சட்டத்தைச் சொல்லி, உடனே நோட்டில் 'எந்த நோய்க்கு' என்ற கட்டத்தைக் காட்டுங்கள்.

கடைசி வாரம் குரோலியின் 1922 நாவல். மனவுறுதியால் போதை ஒழியும் என்று அது முடிகிறது. ஆஸ்துமாவுக்கு ஹெராயின் எடுத்துவந்த குரோலி 1947-இல் இறக்கும்போதும் அதை விட்டிருக்கவில்லை. இதை முன்கூட்டிச் சொல்லாமல், கடைசி அத்தியாயம் படித்து முடித்ததும் பலகையில் எழுதுங்கள்.