வேலைநீக்கமும் பதிவேடும்: மலையக மனிதவள அலுவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலாளி தவறு செய்தார் என்று சொல்வதற்கு நிர்வாகத்திடம் நூறு காரணங்கள் இருக்கலாம்; அவற்றைக் கடதாசியில் காட்ட முடியாவிட்டால் வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் அவை நிற்கமாட்டா. இலங்கையின் மலையகத்தில், தோட்டமாயினும், தேயிலைத் தொழிற்சாலையாயினும், நுவரெலியாவின் சுற்றுலா விடுதியாயினும், பெரும்பாலான தவறுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இவற்றுள் மிகவும் கவலைக்குரியது, வேலைக்கு வராதவரை "தானாகவே விலகிவிட்டார்" என்று பதிவதாகும். தாயின் நோய்க்காகக் கண்டி வைத்தியசாலையில் இரண்டு கிழமை தங்க நேர்ந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண், திரும்பி வந்து பெரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) நிற்கும்போது செக்ரோலில் (வரவு, சம்பளப் பதிவேட்டில்) தன் பெயர் வெட்டப்பட்டிருப்பதைக் காண்பது நியாயமன்று. சட்டப்படியும் அது செல்லாது. வேலையைக் கைவிட்டார் என்று கொள்வதற்கு, வராமல் இருந்ததோடு இனித் திரும்பி வருவதில்லை என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பதே நமது நீதிமன்றங்கள் ஏற்றுள்ள நெறி.

வேலைக்குத் திரும்பும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம் என்பது நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் பதில். லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி இல்லாத தோட்டங்களில் அந்தக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்கிறது. ஆகவே கடிதத்தைத் தொழிலாளி வாசிக்கக்கூடிய தமிழில் எழுதி, அவரிடமோ வீட்டாரிடமோ நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, விளக்கம் அளிக்கப் போதிய அவகாசம் தந்த பின்னரே அடுத்த நடவடிக்கையை எடுக்க வேண்டும்.

"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது அடுத்த தவறு. 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதாயின், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ தேவை. வருமானம் குறைந்தது, தொழிற்சாலையை மூடுகிறோம் என்பவையும் இதற்கு விலக்கல்ல. ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கினால், அந்தக் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொழிலாளி ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், விசாரணைக் குறிப்புகளைக் கோப்பிலிருந்து அகற்றிவிடாதீர்கள்.

ஓய்வுக்காலத்துக்கெனச் சம்பளத்தின் ஒரு பங்கு சேரும் ஊழியர் சேமலாப நிதியில் தவறு மெதுவாக வளர்கிறது. தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், நிர்வாகத்திடமிருந்து 12 சதவீதம் என்பதை எல்லோரும் அறிவர். நிர்வாகமே செலுத்த வேண்டிய ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடாது என்பதையும் பெரும்பாலோர் அறிவர். ஆனால் ஏப்ரல் வசந்த காலத்துக்கென விடுதியில் சேரும் தற்காலிகப் பணியாளருக்கும் முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு என்பது பல இடங்களில் மறக்கப்படுகிறது. அதைவிட வேதனையானது பெயர்க் குழப்பம். பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்தம்மா, செக்ரோலில் எம். லெட்சுமி என்று மூன்று விதமாக இருக்கும் ஒருவர், வாழ்நாள் உழைப்பின் பணத்தைப் பெற முதிய வயதில் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். வேலைக்குச் சேரும் நாளில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுவதற்குச் சில நிமிடங்களே போதும். அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

வேலையை விட்டு நீங்கும்போது வழங்கும் பணிக்கொடை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, இறுதியாகப் பெற்ற சம்பள வீதத்தில், ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் வீதம் 30 நாட்களுக்குள் வழங்க வேண்டும். வேலைநீக்கம் செய்ததனால் மட்டுமே அது இல்லாமல் போய்விடாது. மோசடி, கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம் போன்றவற்றால் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கே அதைப் பிடித்துவைக்க முடியும்.

பழைய விதிகளை மனப்பாடமாகப் பின்பற்றுவதும் ஆபத்தானது. 2021 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கிய பின்னரும், 55 இல் சேமலாப நிதியைப் பெறலாம் என்பதைக் காட்டி ஆண்களை அந்த வயதிலேயே வீட்டுக்கு அனுப்புவது தவறு. மூன்றாவது பிள்ளைக்கு ஆறு கிழமை மகப்பேற்று விடுமுறைதான் என்ற பழைய கணக்கும் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது; எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 12 கிழமை உண்டு.